மீனோடு வந்த மஞ்சள்

டிவியில் வெளியாட்களைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். "இந்தத் தீவுல எல்லாருமே கப்பல்ல வந்தவங்கதானே, அப்புறம் எதுக்குப்பா சண்டை?" என்று கேட்டீர்கள். எனக்குப் பெரிதாக விளக்கத் தெரியாது பிள்ளைகளே. உங்கள் அத்தை கல்யாணத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை வங்காளி. ஷாதிபூரில் நம் வீட்டு வாசலில் பந்தக்கால் ஊன்றியாகிவிட்டது. ஊன்றினால் கல்யாணம் முடியும்வரை வீட்டில் கவிச்சி புழங்காது. இதை அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று நம்மில் யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் வழக்கத்தை நாமும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை மாப்பிள்ளையின் தாய்மாமா ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு தட்டில், மாப்பிள்ளைக்குப் பூசியதில் எடுத்துவைத்த மஞ்சள். இன்னொன்றில் பெரிய மீன். சிவப்புத் துணி சுற்றி, குங்குமம் வைத்து, மணப்பெண்போல அலங்கரித்திருந்தார்கள்.

என் அப்பா அப்போது உயிரோடு இல்லை. பெரியப்பாதான் எல்லாம். வாசலை மறித்து நின்றார்.

"மஞ்சளக் குடுங்க. மீன எடுத்துட்டுப் போங்க."

"அரே பாயி, ரெண்டும் சேர்ந்துதான் வரும். யே ஷுப் ஹை, மங்களம்." கப்பல் துறையில் நம் ஆட்களோடு வேலை பார்த்தவர், தமிழ் கொஞ்சம் வரும்.

"பந்தக்கால் நட்ட வீட்டுக்குள்ள மீனா? என்னத் தாண்டித்தான் போகணும்."

அவர் முகம் மாறிவிட்டது. "எங்க தாத்தா கப்பல்ல வந்தப்போ கையில குச் நஹி, ஒண்ணுமில்ல. இந்த வழக்கத்த மட்டும் விடல. நீ திரும்பிப் போகச் சொல்றே?"

"நாங்க மட்டும் என்ன, பெட்டி பெட்டியாவா கொண்டு வந்தோம்?"

மாமா ஆட்டோவைத் திருப்பச் சொன்னார். அந்த மஞ்சளைப் பெண்ணுக்குப் பூசினால்தான் அவர்களுக்குக் கல்யாணம்; அது போனால் கல்யாணமும் போகும். எதிர்வீட்டு மலையாளத்துச் சேச்சிதான், "ரெண்டு பேரும் பேசி முடிக்கிறதுக்குள்ள அந்த மீன் நாறிப்போகும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அத்தை வெளியே வந்தாள். "பெரியப்பா, நாளைக்கு நான் அந்த வீட்டுக்குத்தான் போகணும்" என்றாள். அவர் வழி விடவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு தெருவைக் கடந்து, சேச்சி வீட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தாள். மீனைப் பக்கத்தில் வைத்து அங்கேயே மஞ்சள் பூசினார்கள். நம் பெண்கள் பாதிப் பேர் போனார்கள். பாதிப் பேர் போகவில்லை.

கல்யாணம் நடந்தது. அந்த இருவரில் யார் கெட்டவர் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஊரை விட்டு வந்தவனிடம் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். அதில் கைவைத்தால் அவன் பயந்துபோகிறான். பயந்தவன் பேச்சு கோபமாகத்தான் கேட்கும்.

அந்தத் தாய்மாமாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. அத்தையைக் கூட்டிப்போக நம் வீட்டுக்கு வருவார். "உள்ள வாங்க" என்று எத்தனை முறை கூப்பிட்டாலும், "டீக் ஹை, பரவால்ல, இங்கயே நிக்கிறேன்" என்பார். நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் டீயை வாசலில் நின்றே குடிப்பார்.