போயிட்டு வரேன் என்று கப்பலேறியவன்

ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். மலாயாவில், ஜொகூரின் மெர்சிங் ரெஸ்ட் ஹவுஸில் நான் சமைத்துப்போடும் அமெரிக்கர் ஒருவர், காலையில் இரண்டு பேரைக் கொன்றுவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து மீன்குழம்பு கேட்பார். கொலையெல்லாம் காகிதத்தில்தான். கதை எழுதுவது அவருக்குப் பிழைப்பு. என் மனைவி செல்லம்மா கேட்டுவிட்டு, "கதை விடுறதுக்குக் காசா? அப்ப நீங்க இந்நேரம் பங்களா கட்டியிருக்கணுமே" என்றாள்.

அவரைத் துவான் என்பேன், மலாயில் ஐயா மாதிரி. இருவருக்கும் அரைகுறை மலாய். கப்பலில் கரி அள்ளியவர், பத்திரிகையில் செய்தி எழுதியவர். முதல் நாவல் ஓடியது, அடுத்த இரண்டும் படுத்துவிட்டன. இதுவும் படுத்தால் பதிப்பாளர் கைகழுவிவிடுவாராம். அப்புறம் மாமனாரின் செருப்புக்கடைதான் என்று தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது.

முடிவில் மாட்டிக்கொண்டிருந்தார். கதாநாயகன் தமிழன். ஜொகூரில் காதலித்தவளை அடியோடு பிரிந்து கப்பலேறுகிறான். கடைசியாக என்ன சொல்வான் என்று கேட்டார்.

"போயிட்டு வரேன்னு சொல்லுவான், துவான்."

அர்த்தத்தை மலாயில் சொன்னேன். அவன்தான் வரவே போவதில்லையே என்று குழம்பினார்.

"வராட்டியும் அப்படித்தான் சொல்லணும். போறேன்னு மட்டும் சொல்லக்கூடாது."

எழுந்து ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். என் மீன்குழம்பு ஆறிப்போனது. நாகப்பட்டினத்தில் மீசை அரும்பாத வயதில் கப்பலேறும்போது அம்மாவிடம் நானும் அதைத்தான் சொன்னேன். எப்போது வருவாய் என்று அவள் கேட்கவில்லை.

மறுவருஷம் மழை விட்டதும் துவான் பிஸ்கட் டின்னோடு வந்து இறங்கினார். புத்தகம் பிய்த்துக்கொண்டு போகிறதாம். வருகிறேன் என்றானே, எப்போது வருவான் என்று வாசகர்கள் பதிப்பாளரைப் பிடுங்கி எடுக்கிறார்களாம். அடியோடு பிரிந்தவனைத் திரும்ப அழைத்துவந்து கல்யாணம் பண்ணிவைக்கத்தான் இந்தப் பயணம். செருப்புக்கடை தப்பித்தது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

போன வாரம் அம்மாவைப் பார்க்க நானே கிளம்பினேன். பஸ் ஹாரன் அடித்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்றேன்.

பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு செல்லம்மா சிரித்தாள். "உங்கம்மாகிட்டயும் இதைத்தானே சொல்லிட்டு வந்தீங்க?"

கப்பலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாளை நாகப்பட்டினம். அங்கிருந்து திரும்பும்போதும் அம்மாவிடம் இதையேதான் சொல்லியாக வேண்டும்.