ஸ்ட்ராத்ஃபீல்டில் பொறுக்கிய வினைச்சொற்கள்

சொற்கள் தேய்ந்து தேய்ந்து எப்படி வெறும் இலக்கண ஒட்டுகளாகின்றன என்று ஆராய்வதும் ஒரு தொழில்தான். அதைத் தொழில் என்று நம்புகிறவர்கள் அதைச் செய்கிறவர்கள் மட்டுமே. தவணைக்குத் தவணை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த தவணை கூப்பிடுவார்களா என்று தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கும் சக விரிவுரையாளர்களே, இது உங்களுக்காகத்தான். தொண்ணூறுகளில் சிட்னிப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான் கொரிய இலக்கணம் படிப்பித்தேன். யாழ்ப்பாணத்துக்காரிக்குக் கொரிய மொழி எதற்கு என்று கேட்காதீர்கள். கேட்டுக் களைத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

டூங்கபிக் கலியாணம்

சிட்னியின் புறநகரான டூங்கபியில் ஒரு கலியாண வரவேற்பில் பக்கத்துக் கதிரையில் இருந்த அங்கிள் என் வேலையைப் பற்றி விசாரித்தார். நானும் உற்சாகமாகத் தொடங்கிவிட்டேன். "கொரியனில 'புத்தோ' எண்டால் 'இருந்து' எண்டு அர்த்தம், அங்கிள். முந்தி அது 'ஒட்டுறது' எண்ட முழு வினைச்சொல். எங்கட 'பற்றி'யும் அப்பிடித்தான், பிடிக்கிறதெண்டு இருந்த வினை." அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். வடையை முடித்து, கையையும் துடைத்துக்கொண்டார்.

"ஓம் பிள்ளை, அது நல்லது. வேலைக்கு என்ன செய்யிறீர்?"

நிரந்தர இடம்

எங்கள் துறையில் நிரந்தர இடம் ஒன்று வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. எட்டு வருடம் ஒப்பந்தத்தில் ஓடியவளுக்கு அந்தச் செய்தி எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. துறைத் தலைவர்தான் என் ஆய்வுக்கும் மேற்பார்வையாளர். என் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் பாக்கி: 'எறி' என்ற பொருளுடைய 'பொரிதா' என்ற வினை, இன்னொரு வினைக்குப் பின்னால் வந்து, 'இனித் திரும்பாது' என்ற மனக்குறையை மட்டும் காட்டும் துணைவினையானது எப்படி என்பது. பழைய நூல்களிலிருந்து உதாரணங்கள் குவிந்து கிடந்தன. ஒருவர் பேசும்போது வாயிலிருந்து தானாக வந்த ஒன்றுதான் கிடைக்கவில்லை. தலைவர் அதையே பிடித்துக்கொண்டார்.

"உயிருள்ள ஒரு வாக்கியம் கொண்டுவாருங்கள், அந்த வேலை உங்களுடையதுதான்."

பழக்கடை

சிட்னியில் கொரியர்கள் நிறைய வாழும் ஸ்ட்ராத்ஃபீல்டில் பழக்கடை வைத்திருந்த கொரிய அம்மாவை நான் 'ஒன்னி' என்று கூப்பிடுவேன், அக்கா என்பதுபோல. மூன்று வருடமாக என்னைக் கடைக்குள் இருத்தி, பேச்சுக் கொடுத்து, பேரிக்காயும் வெட்டித் தந்தவர். எங்கள் தொழிலில் ஒரு விதி இருக்கிறது: கேட்ட வாக்கியத்தைக் கேட்ட இடத்திலேயே குறிப்பு அட்டையில் எழுதிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதினால் அது எங்களுடைய வாக்கியமாகிவிடும்.

அவருடைய கணவர் மாரடைப்பில் இறந்து ஒரு கிழமை. நான் துக்கம் விசாரிக்கத்தான் போனேன், சத்தியமாக. ஒன்னி ஒரு காலிப் பெட்டியின் மேல் குந்தியிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒரு சொல்லும் சொல்லாமல் மனுசன் போயிட்டார்" என்று கொரியனில் சொன்னார். 'போ'வுக்குப் பின்னால் அந்தப் 'பொரிதா' வந்து விழுந்தது. என் கை அவருடைய கையை விட்டுவிட்டுப் பைக்குள் போய், அட்டையையும் பேனாவையும் எடுத்தது. திகதியும் போட்டேன். வெட்கங்கெட்ட கை.

"எழுதி முடிச்சிட்டியோ?"

சம்மதப் படிவம்

அந்த அட்டையை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு கிழமை தவித்தேன். கடைசியில் துறைத் தலைவரிடம் போய், இதைப் பாவிக்க மனம் வரவில்லை என்றேன். அவர் அட்டையை வாங்கி மூன்று முறை வாசித்தார். பிறகு அலுமாரியைத் திறந்து, தன் பேச்சை ஆய்வுக்குப் பாவிக்கலாம் என்று ஒன்னி மூன்று வருடத்துக்கு முன் நிரப்பித் தந்த படிவத்தை எடுத்து என் முன்னால் போட்டார்.

"கையெழுத்து இருக்கிறதே, பிறகென்ன?"

எனக்கு அந்த வேலை வேண்டும். நான் அதை அத்தியாயத்தில் எழுதினேன்.

நேர்முகம்

நேர்முகத்தில் தேர்வுக்குழுவின் ஐந்து பேரும் அந்த வாக்கியத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். ஒரு அம்மையாருக்குக் கண்கூடக் கலங்கியது. வீட்டுக்கு வந்து, "கிடைச்ச மாதிரித்தான்" என்று கணவரிடம் சொன்னேன். அடுத்த கிழமை துறைத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன்.

"உங்கள் அத்தியாயம் மிகச் சிறப்பு, ஆனால் வருகிற வருடத்திலிருந்து கொரிய மொழியை நிறுத்துகிறோம்."

அரைக் கிலோ பேரிக்காய்

வேலை போனபிறகுதான் ஒன்னியிடம் மன்னிப்புக் கேட்கத் துணிவு வந்தது. வேலை கிடைத்திருந்தால் போயிருப்பேனா? தெரியாது. அவர் கோபப்படவில்லை. எனக்கு முன்னால் நின்றவர்களை அனுப்பிவிட்டு, அந்த அட்டையைத் திருப்பித் தரச் சொன்னார். கொடுத்தேன். ஆனால் அது ஆய்வேட்டில் அச்சாகி நூலகத்துக்குப் போய்விட்டது என்பதையும் சொல்லத்தானே வேண்டும். அவர் பேரிக்காயை நிறுத்துப் பையில் போட்டு, மற்ற வாடிக்கையாளர்களிடம் நீட்டுவதுபோல நீட்டினார்.

"அப்ப, என்ர மனுசன் போனதை இனி ஆரும் எடுத்து வாசிக்கலாமோ?"

அந்தப் பல்கலைக்கழகத்தில் எனக்குக் கிடைக்காத நிரந்தர இடம் ஒன்னியின் கணவருடைய சாவுக்குக் கிடைத்திருக்கிறது, நூலகத்தின் மூன்றாம் மாடியில். இதுவரை அந்த ஆய்வேட்டை இரவல் எடுத்தவள் நான் ஒருத்திதான்.