சும்மா குப்பி

எங்கள் லேசர் அறையில் 'சும்மா' என்பது ஒரு பொருளின் பெயர். மாதிரி எதுவும் கலக்காத வெறும் டொலுயீன் திரவம் ஊற்றிய கண்ணாடிக் குப்பி அது. எதை அளந்தாலும் சும்மாவிலும் ஒரு தரம் அளந்து, அதைக் கழித்த பிறகே நம்ப வேண்டும். எனக்குத் தெரியாமல் இல்லை. லேசர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் கிடைக்கும். அதில் ஒரு மணி நேரத்தைக்கூட வெறும் திரவத்துக்குத் தாரை வார்க்க மனம் வரவில்லை. பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

என் மாதிரியில் மிதப்பவை குவாண்டம் புள்ளிகள், கண்ணுக்கே தெரியாத குறைக்கடத்தித் துணுக்குகள். ஒரு லேசர் துடிப்பு அவற்றைத் தட்டி எழுப்பும். நூலிழை தாமதித்து வரும் இன்னொரு துடிப்பு, என்ன ஆனது என்று பார்த்துச் சொல்லும். என் வரைபடத்தின் தொடக்கத்திலேயே ஊசி மாதிரி ஒரு முனை எழுந்து விழுந்தது. புள்ளிக்குள் எலெக்ட்ரான் அத்தனை வேகமாகச் சூடு ஆறுகிறது என்று ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க எழுதித் தள்ளினேன். நான்கு வருடத்தில் உருப்படியாக என் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

ஆய்வேட்டின் சுருக்கத்தை நிபுணர் குழு முன் வைக்கும் கூட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. பக்கத்து மேஜை அக்கா, என்னைவிட ஒரு வருடம் மூத்த ஆய்வாளர், வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சும்மா எடுத்தியாம்மா?"

"எடுத்துட்டேன்க்கா."

பச்சைப் பொய். அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. சாப்பிட வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பி, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. அந்த ஊசியின் அகலமும் லேசர் துடிப்பின் அகலமும் ஒன்றாகவே இருந்ததை எப்போதோ கவனித்திருந்தேன். அப்படியென்றால் அது புள்ளியிலிருந்து வராமல் லேசரிலிருந்தே வந்திருக்கலாம். கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். வீடு வரை போகாமல் மாம்பழச்சாலையிலேயே இறங்கி, சாலையைக் கடந்து, வந்த வழியே திரும்ப பஸ் பிடித்தேன்.

அன்று மதியம் லேசரில் அக்காவின் முறை.

"அக்கா, ஒரு மணி நேரம் தரீங்களா? சும்மா எடுக்கணும்."

எடுத்துவிட்டதாகச் சொன்னாயே என்று அவர் கேட்கவில்லை. நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். கேட்டிருந்தால்கூடத் தேவலை.

புள்ளி ஒன்றுகூட இல்லாத வெறும் டொலுயீனில் அதே ஊசி, அதே இடத்தில், அதே உயரத்துக்கு எழுந்தது. கழித்துப் பார்த்தேன், சாவகாசமாக இறங்கும் ஒரு சரிவைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. என் ஆய்வை வழிநடத்தும் கைடிடம் போய் மறைக்காமல் சொன்னேன்.

"மூணாவது சாப்டரை எடுத்துடும்மா. கூட்டத்தைத் தள்ளி வச்சுக்கலாம்" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, மொகமே சரியில்லையே? நாலு வருஷமா அப்படி என்னதான்டி கண்டுபிடிச்சிண்டிருக்கே?"

"சும்மாம்மா."

மழுப்புகிறேன் என்று நினைத்து அவள் உள்ளே போய்விட்டாள். என் மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றி அதைவிடச் சரியாக நான் யாரிடமும் சொன்னதில்லை.