சாமி மேடையில் இருந்த பேட்ஜ்

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், பிடோக் அடுக்குமாடி வீட்டில் எங்கள் கண்ணாடி அலமாரிக்குப் புது விருந்தாளி வந்தது. ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே மெஷின் பழுதுபார்ப்பது அப்பாவின் வேலை. ஆயுள் முடிந்து கழற்றிப்போட்ட எக்ஸ்ரே குழாய் ஒன்றை, பந்தயத்தில் கோப்பை வென்றவர் மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

கண்ணாடி முழுக்கத் தண்ணியாகக் கலக்கிய கோப்பி நிறம். அழுக்கென்று நினைத்த அம்மா ஈரத்துணியால் தேய் தேய் என்று தேய்த்தார். ம்ஹூம், போகவில்லை.

"போகாது லா," அப்பா சிரித்தார். "புதுசுல பளிச்சுன்னு இருக்கும். வருஷக்கணக்கா எக்ஸ்ரே ஊடுருவிப் போய், கண்ணாடிக்குள்ளேயே நிறம் மாறிடும்."

அம்மாவின் கை நின்றது. "கண்ணாடிக்கே இந்தக் கதின்னா, பக்கத்துல நிக்கிற உங்களுக்கு?"

"அதுக்குத்தான் பேட்ஜ் கொடுத்திருக்காங்க. சட்டையில குத்திக்கிட்டா உடம்புல எவ்வளவு பட்டுச்சுன்னு காட்டிடும். மாசாமாசம் செக் பண்றாங்க. எனக்கு எப்பவும் கம்மிதான்."

"எங்க அந்த பேட்ஜ்?"

"ஆபீஸ்ல இருக்கு."

எனக்குப் பொறுக்குமா? அப்பாவுக்கே மறந்துபோனது எனக்குத் தெரிகிறதே என்ற பெருமையில் ஓடினேன். சாமி மேடையில் விபூதித் தட்டுக்குப் பின்னால்தான் அது எப்போதும் இருக்கும். அப்பா வேலைக்குப் போன பிறகும் அங்கேயேதான் இருக்கும். பள்ளிக்குக் கிளம்பும்முன் சாமியோடு அதையும் சேர்த்துக் கும்பிடுவேன். விபூதி ஒட்டிய அந்தச் சின்ன பிளாஸ்டிக் பட்டையை எடுத்துவந்து அம்மாவின் கையில் வைத்தேன்.

"தினமும் இங்கதாம்மா இருக்கு!"

யாரும் என்னை மெச்சவில்லை. அப்பா தரையைப் பார்த்தார்.

"கூடுதலா காட்டிட்டா மெஷின் பக்கமே விடமாட்டாங்க," என்றார் மெதுவாக. "ஸ்டோர்ல உக்கார வச்சிருவாங்க. நான் கத்துக்கிட்ட வேலை இது ஒண்ணுதான்."

அம்மா அப்பாவைச் சன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போய், அவர் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழாயைத் தேய்த்த அதே துணியால் விரல்களைத் துடைத்தார். மறுபடியும் பார்த்தார்.

அப்பாவுக்கு எங்கோ அடிபட்டிருக்கிறது, அந்தக் காயத்தைத்தான் அம்மா தேடுகிறார் என்று நினைத்தேன். ஓடிப்போய்த் தைலப் புட்டியை எடுத்துவந்து நீட்டினேன். அம்மா அதை மறுக்காமல் வாங்கி, காயமே இல்லாத அந்தக் கைகளில் தடவிவிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டதென்று நான் கீழே விளையாடப் போய்விட்டேன்.