அவர் எழுதிய வரிகளை நீக்கியபோது

என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால், அழிக்கிற வேலை என்றுதான் சொல்வேன். கணினியில் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் கேர்னலில், பழைய நிரல் வரிகளைக் குறைத்து எளிதாக்குவது. மட்டக்களப்பில் வாவியைப் பார்த்த ஓர் அறையில் இருந்து இதைச் செய்கிறேன். அம்மாவுக்கு இது விளங்குவதே இல்லை.

"எழுதினாத்தானே வேல? அழிக்கிறதும் ஒரு வேலையா மகள்?"

"பிழை வராம அழிக்கிறது லேசில்ல அம்மா."

"அழிச்சா, மறுகா எழுதின ஆள் கோவிக்காதா?"

கோபித்தாலும் போதும் என்றிருந்தது எனக்கு. அந்த முறை நான் அழிக்க எடுத்தது அவருடைய வரிகளை.

அவரும் நானும் முன்பு இதே ஊரில் ஒரு சின்ன அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். கொக்கட்டிச்சோலைப் பக்க வயல் வட்டைகளில் வாய்க்கால் நீர்மட்டத்தை அளக்க, கைக்குள் அடங்கும் ஒரு கணினிப் போர்டைப் பொருத்தினோம். அது வெயிலில் சேரும் மின்சாரத்தில் ஓடவேண்டியது. வேலையில்லாத நேரத்தில் புரொசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளாவிட்டால் விடியுமுன் பற்றரி செத்துவிடும். அந்த வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவர் என்ற நிரலை அவர்தான் எழுதிக் கேர்னலில் சேர்த்தார். நான் வரம்பில் குடை பிடித்து நிற்க, மடிக்கணினியை முழங்காலில் வைத்துத் தட்டுவார். வேகம் சொன்னபடி இறங்கினால், "சரி, ஆள் நித்திரை" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகத்தான் வெயிலில் நின்றேன். அதை அவரிடம் சொன்னதில்லை.

பிறகு அவர் நோர்வேக்குப் போனார். "போயிட்டு வாறன்" என்றார், "ஓம்" என்றேன். போன புதிதில் செய்திகள் வந்தன, குறைந்தன, நின்றன. யார் முதலில் எழுதுவது என்று இருவரும் முறுக்கிக்கொண்டிருந்தோம். எனக்கு ரோசம் அதிகம். அவருக்கு அதைவிட அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் கேர்னல் வளர்ந்துவிட்டது. கேட்ட வேகம் அனுமதித்த பட்டியலில் உண்டா என்று பார்ப்பது, முடிந்ததும் நினைவகத்தில் எடுத்த இடத்தை விடுவிப்பது எல்லாம் முன்பு ஒவ்வொரு டிரைவரும் தனித்தனியாகச் செய்தவை. இப்போது பொது நிரலே பார்த்துக்கொள்கிறது. அவர் எழுதியதில் பாதிக்கு மேல் தேவையில்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதியவர் பெயரைக் காட்டும் கட்டளை ஒன்று உண்டு. அதைப் போட்டு, திரை முழுக்க அவர் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிகளை நீக்க நீக்கப் பெயரும் குறைந்தது. நல்ல டிரைவர் சின்னதாக இருக்கவேண்டும் என்பது தெரியும். தெரிந்தும் வலித்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுதியதை மாற்றினால், திருத்தத்தை மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பும்போது அவருக்கும் ஒரு பிரதி போகவேண்டும். எனக்கு வேறென்ன வேண்டும்? நானாக எழுதவில்லை, வழக்கம் எழுதச் சொல்கிறது. ரோசத்துக்கும் பங்கமில்லை. ஒன்றாக அனுப்பக்கூடிய திருத்தத்தைத் துண்டு துண்டாக்கி அனுப்பினேன். துண்டாக இருந்தால் சரிபார்க்க லேசு என்பது வெளியில் சொல்கிற காரணம். அவருடைய அஞ்சல்பெட்டியில் என் பெயர் திரும்பத் திரும்ப விழவேண்டும் என்பதுதான் உண்மை.

கேர்னலின் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் சில கேள்விகள் கேட்டார், பதில் சொன்னேன். நோர்வேயிலிருந்து ஒன்றுமில்லை. அஞ்சல் வரும் சத்தத்துக்கெல்லாம் ஓடினேன், எல்லாம் விளம்பரம். வாவிக்காற்றில் ஜன்னல் அடித்தால்கூட எரிச்சல் வந்தது.

ஒரு பின்னேரம் அவருடைய அஞ்சல் வந்தது. ஆங்கிலத்தில், குழுவில் எல்லோருக்கும் பொதுவாக, ஒரே ஒரு வரி: சோதித்தவர் என்று போட்டு அவர் பெயர். நலமா என்றுகூட இல்லை. கல்லுளிமங்கன் என்று திட்டிக்கொண்டே மூடப் போனேன். அப்போதுதான் உறைத்தது. அதே போர்டில் ஓட்டிப் பார்க்காமல் அந்த வரியை யாரும் போடமாட்டார்கள். அந்தப் போர்டைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள், நோர்வேயில் எந்தக் கடையிலும் கிடைக்காது.

குழுவின் முகவரியை எடுத்துவிட்டு, அவருக்கு மட்டும் தமிழில் எழுதினேன்: "போர்ட்ட அங்க கொண்டு போனீங்களா?"

உடனே பதில் வந்தது. "ஓம். வந்த நாளிலயிருந்து மேசையில ஓடிக்கொண்டு கிடக்கு."

"அங்க அளக்க வாய்க்கால் ஏது?"

"ஒண்டுமில்ல. நிப்பாட்ட மனம் வரல்ல."