பேண்டேஜ் துணிக்கு நிறம் வந்த கதை

எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமை காலையில் பூவைக் குப்பையில் போடுவார்கள். வாடிய பூ அல்ல, நேற்று மாலை வரை வேலியோரம் தளதளவென்று நின்ற பூ. நியூசிலாந்தின் தென்தீவில் திமாரு என்கிற கடலோரச் சிற்றூரில் நான் இருக்கிறேன். இங்கே வீட்டுக்கு வீடு தோட்டம் உண்டு, தோட்டக் கழிவுக்கென்று பச்சை மூடி போட்ட ஒரு தொட்டியும் உண்டு. செடி கொஞ்சம் கைகால் நீட்டிவிட்டால் போதும், மொட்டும் பூவுமாக நறுக்கி அதில் திணித்துத் தெருவில் வைத்துவிடுவார்கள். வந்த புதிதில் எனக்கு வயிறு எரிந்தது. சித்தி ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு முழம் பூவுக்கு எவ்வளவு நேரம் பேரம் பேசுவோம்! ஒரு செவ்வாயன்று பொறுக்க முடியாமல் பக்கத்து வீட்டுத் தொட்டியிலிருந்து டேலியாக் கொப்புகளை அள்ளிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்காரி லின் வெளியே வந்துவிட்டாள்.

லின் ஊருக்குள் பஸ் ஓட்டுகிறவள். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். நம் ஊராக இருந்தால் அக்கா என்று ஒரு சொல்லைப் போட்டுச் சமாளித்திருப்பேன், இங்கே அது செல்லாது. அவள் என்னையும் என் கையிலிருந்த கொப்பையும் பார்த்து, "முயல் வளர்க்கிறாயா?" என்று கேட்டாள். குப்பை பொறுக்கி என்று பெயர் எடுப்பதற்கு முயல்காரி ஆகிவிடலாம் என்று வேகமாகத் தலையாட்டினேன். முயலின் பெயர் என்ன என்று அடுத்த கேள்வி வந்தது. வாயில் வந்தது "வெள்ளையம்மா" என்றுதான். மறுநாள் முதல் என் வாசலில் வெள்ளையம்மாவுக்காகக் கேரட்டும் முட்டைக்கோஸ் இலையும் வந்து காத்திருந்தன. கேரட்டைப் பொரியல் செய்து நானும் என் கணவரும் சாப்பிட்டோம். லின்னைப் பார்க்கும்போதெல்லாம் முயல் நலமாக இருப்பதாகச் சொல்லி வந்தேன்.

பூவின் மேல் இரக்கப்பட்டு எடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். எனக்கு நிறத்தின் மேல் பேராசை. அதற்குக் காரணம் நான் பிறந்த வீடு. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுத் தொழில் பேண்டேஜ் துணி. காயத்துக்குக் கட்டுகிற மெல்லிய துணியைக் கீழே தறியில் ஓட்டி, பின்கட்டுத் தொட்டியில் வேகவைத்து வெளுத்து, மொட்டைமாடியில் காயப்போட்டு, ரோலாகச் சுற்றி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவோம். அப்பா காலமான பிறகு எல்லாம் அம்மாதான். துணியில் ஒரு பொட்டு நிறம் பட்டிருந்தால் மொத்த ரோலும் திரும்பி வந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் நிறம் என்றால் நஷ்டம். தோழிகள் எல்லோரும் மருதாணி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரும்போது என் கை மட்டும் வெளிறிக் கிடக்கும். மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடும் நாளில் என்னை மாடியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். துணி வெள்ளை, சுவர் வெள்ளை, பஞ்சு ஒட்டிய புருவம் வெள்ளை, ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த நாய்கூட வெள்ளை. கல்யாணமாகி வெளிநாடு வந்தால் கணவருக்குப் பால்பவுடர் ஆலையில் வேலை. தலையில் அடித்துக்கொண்டேன்.

விடுமுறைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனால்தான் எனக்குக் கண் திறக்கும். அது பூக்கட்டுகிறவர்கள் தெரு. மாலை கட்டி முடித்ததும் மிஞ்சிய காம்பும் இதழும் வாசலில் குவிந்து கிடக்கும். அதைப் பாவாடையில் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பேன். செவ்வந்தி ஒரு மஞ்சள் தரும், துளசி ஒரு பழுப்பு தரும். திரும்பும்போது சித்தி அந்தப் பாவாடையை ஒளித்து வைத்துவிட்டு என்னை வெள்ளைச் சட்டையில் பஸ் ஏற்றுவாள்.

திமாருவில் அந்தப் பாவாடைப் புத்தி மறுபடி தலைதூக்கியது. டேலியாவைக் கொதிக்கவைத்துப் பழைய படுக்கை விரிப்பை முக்கினேன். விரிப்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தலையணை உறையும் அப்படியே. கடைத்துணியில் பாதி பாலியஸ்டர், மீதியில் மெழுகும் கஞ்சியும், நிறம் எங்கே ஏறும்? அப்போதுதான் அலமாரியில் இருந்த ரோல்கள் நினைவுக்கு வந்தன. ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் அம்மா என் பெட்டியில் பேண்டேஜ் ரோல்களை அடைத்து அனுப்புவாள், அடிகிடி பட்டால் ஆகும் என்று. எங்களுக்கு அடியும் படவில்லை, ரோலும் தீரவில்லை. ஒன்றைப் பிரித்து, நிறம் பிடிப்பதற்காக டீத்தூள் கொதிநீரிலும் படிகாரத்திலும் ஊறவைத்து, டேலியாச் சாற்றில் போட்டேன். அது குடித்தது! ரத்தத்தை உறிஞ்சுவதற்காகவே வெளுத்த துணி பூவை விட்டுவைக்குமா? அலசினேன், வெயிலில் போட்டேன். ஆரஞ்சு நிறம் அசையவில்லை. சமையலறையில் தனியாக நின்று கை தட்டினேன்.

அதற்குப் பிறகு என்னை யாரும் பிடிக்க முடியவில்லை. ரோஜாக் கொப்பை இரும்புச் சட்டியில் வேகவைத்தால் மழைமேகச் சாம்பல் வந்தது. வெள்ளையம்மாவுக்கு வந்த கேரட் தழையில் இளமஞ்சள் வந்தது. பாத்திரத்துக்கு நிறத்தில் இவ்வளவு பங்கு உண்டென்று தெரிந்ததும் ஆப் ஷாப்புக்குப் போக ஆரம்பித்தேன். ஊரார் கொடுத்த பழைய சாமான்களை விற்கும் கடை அது, சனிக்கிழமைகளில் லின் அங்கே சம்பளமில்லாமல் வேலை பார்ப்பாள். ஜாம் காய்ச்சும் பெரிய செம்புப் பாத்திரம் ஒன்று கறுத்துப்போய் மூலையில் கிடந்தது. வாங்கி வந்து புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். முகம் பார்க்கலாம் போல ஆனதும் பெருமை தாங்காமல் லின்னிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அந்தக் கறுப்பு வர நூறு வருஷம் ஆகும். அதற்காகவே இதை வாங்குவார்கள். என்ன காரியம் செய்தாய்!" நானும் விடவில்லை. "எங்கள் ஊரில் செம்பைக் கறுக்க விட்டால் அந்த வீட்டு மருமகள் மானம் போய்விடும்" என்றேன். அவளுக்கு அது புரியவில்லை, அவள் வருத்தம் எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு அழைத்து வந்து அதே செம்பில் கேரட் தழையைக் காய்ச்சிக் காட்டினேன். இளமஞ்சள் அதில் புல்பச்சையாக ஏறியது. லின் செம்புக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு கொடியில் தொங்கிய துணிகளையும் காலியான தோட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "முயல் எங்கே?" என்றாள். உண்மையைச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து சிரித்தவள், போகும்போது ஒரு காரியம் செய்துவிட்டுப் போனாள். ஊர் மண்டபத்தில் வருகிற கண்காட்சிக்கு, கூரையிலிருந்து தொங்குகிற அளவுக்கு நான் ஒரு துணி செய்வேன் என்று மண்டபத்தாருக்குப் போன் போட்டு எனக்காக வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த அளவுக்குத் துணி வேண்டுமென்றால் அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். ஊருக்குப் போகும் நாள் நெருங்கியதால் போனில் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"ஏட்டி, ஒரு கறை படாம அத வெளுத்தெடுக்க நான் எம்புட்டுப் பாடு படுதேன்? அதப் போயி சாயத்துல முக்கப் போறேங்கியே!" என்றாள் அம்மா. "ஒனக்குக் கலரு வேணும்னா தளவாய்புரம் போ. அங்க நைட்டித் துணி அம்புட்டும் கலருதான்."

போனை வைத்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை வருஷமாக இந்த ஊரில் என்ன செய்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வீட்டில் சும்மா இருக்கிறேன் என்றே பதில் சொல்லி வந்தவள் நான். முதன்முறையாக என் பெயரில் மண்டபத்தில் ஓர் இடம் காத்திருந்தது. அம்மா துணி தராவிட்டால் அது வெற்றிடம்தான்.

ஊருக்குப் போனதும் நேரே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். சித்தி வீட்டில் வடகம் காயவைக்க, பால் வடிகட்ட எல்லாவற்றுக்கும் அம்மா கொடுத்தனுப்பும் பேண்டேஜ் துணிதான். மடிப்புக் கலையாத ஒரு நீளத்தைச் சித்தி எடுத்துக் கொடுத்து, "நான் குடுத்தேன்னு சொல்லிராத, அவ என்னையும் சேத்து வெளுத்துருவா" என்றாள். டீத்தூளுக்குப் பதில் கடுக்காய் ஊறப்போட்டோம். தெருவில் மிஞ்சிய செவ்வந்தியையும், பின்வேலியில் கவ்வாத்து செய்து வெட்டிப்போட்ட மருதாணியையும் அண்டாவில் வேகவைத்தோம். துணி வெளியே வந்தபோது அந்தத் தெருவின் பூ முழுவதும் அதில் இருந்தது.

அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ராஜபாளையம் போனேன். பை ஓரத்தில் நிறம் தெரிந்ததும் வாசலிலேயே அம்மா மறித்துவிட்டாள். "கலரோட உள்ள வராத, துணி காயுது." சரி என்று தெருவிலேயே பிரித்து அவள் கையில் கொடுத்தேன். அம்மா அந்த மஞ்சளைப் பார்க்கவே இல்லை. வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கரையிலிருந்து கரைக்கு விரலை ஓட்டினாள். அவள் தேடியது என்னவென்று எனக்குத் தெரியும். வெளுப்பில் எங்காவது எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் அந்த இடத்தில் நிறம் ஏறாமல் திட்டுத் திட்டாக நிற்கும். வெள்ளையாக இருக்கும்வரை அந்தக் குறை கண்ணுக்குத் தெரியாது. கடைசிவரை போய் மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"ஒரு எடத்துல கூட திட்டு இல்லையே" என்றாள். "அம்புட்டும் ஒரே சீரா ஏறியிருக்கு. யாரு வெளுத்த துணி இது?"

"நீ வெளுத்ததுதாம்மா."

அம்மாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. காலமெல்லாம் செய்த வேலையின் சுத்தத்தை அவளுக்கே கண்ணால் காட்டியது நான் போட்ட நிறம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. உள்ளே போய், ஆஸ்பத்திரிக்கென்று தனியாக வைத்திருந்த உயர்ந்த ரோலைத் தோளில் தூக்கி வந்தாள். "வெள்ளக்காரனுக்குக் காட்டப் போறேன்னா இதக் கொண்டுபோ. கழிவ எடுத்துட்டுப் போயி என் பேரக் கெடுத்துராத" என்றாள்.

அதில் பாதியைச் சித்தி வீட்டு அண்டாவில் செவ்வந்தியும் மருதாணியுமாக முக்கினேன், மறுபாதியைத் திமாருவுக்கென்று வெள்ளையாக விட்டேன். நியூசிலாந்து விமான நிலையத்தில் ஒரு விதைகூட உள்ளே போக முடியாது. "பூ, இலை, விதை ஏதாவது இருக்கிறதா?" என்று அதிகாரி கேட்டார். பொய் சொல்லத் தோன்றாமல், "பூ இருக்கிறது" என்றேன். அவர் கையுறையை மாட்டினார். ரோல் மேஜை நிறையப் பிரிந்தது. அந்தச் சாம்பல் நிறக் கூடத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் மஞ்சள் வழிந்து தரையைத் தொட்டது. முகர்ந்தார், உதறினார், இன்னொருவரை அழைத்து வந்தார். "பூ எங்கே?" என்றார். "இதற்குள் போய்விட்டது" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, துணிக்குத் தடை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு தெருவின் பூ முழுவதையும் அத்தனை காவலுக்கு நடுவே தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்து வந்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மறுபாதியை லின்னின் ரோஜாக் கொப்பிலும் கேரட் தழையிலும், இரும்பிலும் செம்பிலும் மாற்றி மாற்றிக் காய்ச்சினேன். கண்காட்சி அன்று அந்தத் துணி மண்டபத்துக் கூரையிலிருந்து ஒரே ஓட்டமாக இறங்கி நின்றது. ஜன்னல் வெளிச்சம் அதன் வழியாகப் புகுந்து எல்லோர் முகத்திலும் மஞ்சளும் பச்சையும் பூசியது. கறுப்புக் கோட்டில் வந்திருந்த ஊர்க்காரர்கள் தங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். "இது என் குப்பைத் தொட்டியில் கிடந்தது!" என்று லின் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வீடியோ காலில் அம்மா, "கூட்டத்த ஏன்டி காட்டுத? துணியக் காட்டு. வெளிச்சத்துக்கு நேரா பிடி" என்றாள். பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை கடலையும் தாண்டுவேன்.

கடைசி நாளில் மண்டபத்தார் அந்தத் துணி இங்கேயே நிரந்தரமாக இருக்கட்டும் என்று கேட்டார்கள். அம்மாவோ தறிக்கூட வாசலில் தொங்கவிட வேண்டும், துணி வாங்க வருகிறவர்கள் வெளுப்பின் சீரைப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டாள். இரண்டு ஊரும் என் கைவேலையைக் கேட்டுச் சண்டை போட்டதில் எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம்தான். லின் கத்தரிக்கோல் கொண்டு வந்தாள். வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டில் துணியைக் கோணாமல் பிரிக்க ஒரு வழி உண்டு. இரண்டு நிறங்களும் கலந்த நடுவில் ஒற்றை இழையைத் தேடி, கரையிலிருந்து கரைக்கு மெல்ல உருவினேன். அது போன தடத்தில் கையால் கிழித்ததும் துணி நேர்கோடாக இரண்டாகப் பிரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மஞ்சளைத் திமாருவுக்குக் கொடுத்தேன். திமாருவின் பச்சையையும் சாம்பலையும் ராஜபாளையத்துக்கு மடித்து வைத்தேன். உருவிய இழை மட்டும் என் கையில் மிஞ்சியது. அது மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை. எந்தப் பாதியிலும் அதை இனிச் சேர்த்து நெய்ய முடியாது. அதை மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு, லின் ஓட்டிய பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனேன்.