மூன்று உளவுத் தொடர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சிநேகிதியும்

லண்டனில் இருக்கும் என் தம்பி கடைசியாக வந்தபோது, ஒரு சின்ன ஹாட் டிஸ்கை மேசையில் வைத்துவிட்டுப் போனான். இங்கிலிஷ் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான், தனியாக இருக்கிறவள், பொழுது போகட்டும் என்று நினைத்திருப்பான். அதற்குள் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் நாங்கள் பிள்ளைகளாக இருந்த காலத்தில் ஓடிய மூன்று உளவுத் தொடர்கள் இருந்தன.

அவற்றைத் தனியாகப் பார்க்க எனக்கு மனமில்லை. கிளிநொச்சியில் என் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி என் சிநேகிதி இருந்தார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் பதினேழு வருடம் படிப்பித்தவர்கள். அவருக்கு விஞ்ஞானம். கணவர் நெஞ்சு வருத்தம் வந்து இறந்துபோனார், ஒரே மகன். போர் முடிந்த பிறகு அந்த மகனை இராணுவம் தடுப்பு முகாமில் வைத்திருந்து, பிறகு விடுவித்தது. என் கணவர் போரின் கடைசி நாட்களில் இராணுவத்தால் பஸ் ஒன்றில் ஏற்றப்பட்டவர். திரும்பி வரவில்லை. எங்களுக்குள் இதையெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அவர் வருவார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு இருவரும் கதிரைகளை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்காருவோம். அவருக்கு இங்கிலிஷ் அவ்வளவு ஓடாது. நான் இடையில் நிறுத்தி நிறுத்திச் சொல்லுவேன்.

முதல் தொடர் கறுப்பு வெள்ளை. கதாநாயகன் கிழமைக்கு ஒரு நாட்டுக்குப் போவான். எல்லா நாட்டிலும் ஒரே பூச்சாடிப் பனைதான் மூலையில் நிற்கும். அடிபடுவான், ஆனால் சேர்ட் கசங்காது. கடைசியில் வெல்லுவான். சிநேகிதிக்கு அதுதான் பிடித்தது. கெட்டவன் யாரென்று முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது, பயமில்லாமல் பார்க்கலாம் என்பார். இரண்டாவது தொடரில் சண்டையே இல்லை. லண்டனில் ஒரு மங்கலான அலுவலகம், வயதான ஆண்கள், கோப்புகள், ஓயாத தேநீர். அவர்களுக்குள் ஒருவன் மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கிறான், அது யாரென்று தேடுகிறார்கள். மூன்றாவதில் ஒரு மேலதிகாரி தன் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவார். அவர்கள் அகப்பட்டால் தனக்கு அவர்களைத் தெரியாது என்று சொல்லுவார்.

எது நல்லது என்று நாங்கள் மாதக்கணக்கில் வாதாடினோம். ஒருநாள் நான் சொன்னேன்: "டீச்சர், இரண்டாவதுதான் உண்மை. காட்டிக்குடுக்கிறவன் எங்களோடை இருந்து தேத்தண்ணி குடிக்கிறவன்தான். முகத்திலை ஒண்டும் எழுதியிருக்காது." அவர் ஓம் என்று தலையாட்டிவிட்டு, அடுத்த பாகத்தைப் போடச் சொன்னார்.

அந்த வருடம் கொழும்பில் ஒரு விடுதியில் வெளிநாட்டுப் பிரதிநிதிகள் சிலர் காணாமல் போனவர்களின் குடும்பங்களைச் சந்திப்பதாக ஏற்பாடாகியிருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து நான் போவதாக இருந்தது. கணவரின் படம், கடிதங்கள், அவரை ஏற்றிய இடத்தைக் கண்ட இருவரின் வாக்குமூலம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டேன். புறப்படும் நாளை நான் சொன்னது என் சிநேகிதிக்கு மட்டும்தான்.

பஸ் வவுனியாவில் நின்றபோது சிவில் உடுப்பில் இருவர் ஏறி, நேரே என் இருக்கைக்கு வந்து, இறங்கச் சொன்னார்கள். ஒரு சின்ன அறையில் மூன்று மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. சகோதரங்கள் எத்தனை, தம்பி லண்டனில் என்ன செய்கிறான், என்றெல்லாம் ஆறுதலாகக் கேட்டு எழுதினார்கள். இனிப் போனாலும் கூட்டத்துக்கு நேரம் காணாது என்று ஆன பிறகுதான் போகச் சொன்னார்கள். நான் எழும்பும்போது இளையவன் நல்ல தமிழில் சொன்னான்:

"டீச்சருக்கு இரண்டாவது தொடர்தான் உண்மையாம், என்ன?"

அவன் சிரிக்கக்கூட இல்லை. நான் அங்கிருந்து பஸ் நிலையத்துக்கு நடந்து, வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினேன்.

அடுத்த ஞாயிறு சிநேகிதி வழக்கம் போல வந்தார். கையில் ஒரு பை நிறையப் பாலைப்பழம். நான் டிவியைப் போடவில்லை. வவுனியாவில் அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். மறுக்கவில்லை.

"சீஐடிக்காரர் மாசத்துக்கு ஒருக்கா வருவாங்கள், டீச்சர். ஏதாவது சொல்ல வேணும். சொல்லாட்டில் மகனைத் திருப்பி விசாரணைக்குக் கூப்பிடுவாங்கள். படங்களைப் பற்றிச் சொன்னால் காணுமெண்டு நினைச்சன்."

"கொழும்புக்குப் போறதையும் சொன்னனீங்களோ?"

"ஓம். அதையும் சொன்னனான்."

அந்தத் தொடர்களில் காட்டிக்கொடுக்கிறவனுக்குப் பெரிய காரணம் ஒன்று இருக்கும். ஒரு கொள்கை, ஒரு பழைய அவமானம், அதை விளங்கப்படுத்த ஒரு முழுப் பாகம். இவர் நாலு வசனத்தில் முடித்துவிட்டார். அதுவும் நான் மறுத்துப் பேச முடியாத காரணம். என் மகனாக இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அந்தக் கதிரையில் இருந்தே யோசித்தேன். விடை தெரிந்தது. தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது.

"உங்கடை மகன் உங்களோடை இருக்கிறான். எனக்கு அந்தக் கோப்புத்தான் இருந்தது," என்றேன். "இனி வராதேங்கோ."

அவர் பாலைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதைத் தொடவில்லை. எறும்பு பிடித்த பிறகு குப்பைக் குழியில் கொட்டினேன்.

சில மாதங்களில் அவருடைய மகன் கத்தாருக்குப் போய்விட்டான். அவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு வெடித்து, வவுனியா ஆஸ்பத்திரியில் இருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். ஒருக்காப் போய்ப் பார்க்கலாமே என்றும் சொன்னாள். நான் போகவில்லை. அது எனக்குப் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. போகவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் இன்னொரு கூட்டம் வந்தது. இம்முறை ஒருவருக்கும் சொல்லாமல் ரயிலில் போனேன். என் கோப்பை வாங்கியவர் ஓர் இங்கிலாந்துக்காரர், நாற்பது வயதிருக்கும், மிகவும் மரியாதையானவர். பத்து நிமிடம் கேட்டார். என் இங்கிலிஷ் நன்றாக இருக்கிறதே, எங்கே பழகினீர்கள் என்றார். படிப்பித்தேன், உங்கள் நாட்டுப் பழைய உளவுத் தொடர்களும் பார்ப்பேன் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் அப்பாவுக்கு அவை உயிர் என்றார். எனக்கு ஒதுக்கிய நேரத்தில் கடைசி மூன்று நிமிடம் அந்தத் தொடர்களில் எது சிறந்தது என்பதில் போனது. அவருடைய அப்பாவுக்கும் இரண்டாவதுதானாம். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார், கோப்பின் பிரதியை எடுத்துக்கொண்டார், தொடர்புகொள்வதாகச் சொன்னார். இன்றுவரை ஒரு கடிதம் இல்லை.

திரும்பி வரும் ரயிலில் எதிரே ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். விசுவமடுவில் நெல் விதைக்கிற குடும்பம். சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்து எனக்கும் பாதி தந்தார். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டார்.

"கண் காட்டப் போனனான்," என்றேன்.

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. எந்தக் கண் என்றார், இடது என்றேன். எந்த டொக்டர் என்றதற்கும் ஒரு பெயர் வந்தது. அவர் தன் புருஷனின் கண்ணில் வெண்புரை எடுத்த கதையை முறிகண்டி வரை சொல்லிக்கொண்டு வந்தார். நான் கோப்புக் கிடந்த பையை இருக்கைக்கு அடியில் காலால் இன்னும் உள்ளே தள்ளிவிட்டு, அவர் தந்த சோற்றைச் சாப்பிட்டேன்.